கடற்கரையும் பொதுவுரிமையும்

(நம் சங்க மண்டபத்தில் ஆவணப்படக் காட்சி முடிந்தபின் நிகழ்த்திய சொற்பொழிவு)



இப்பொழுது நாம் கண்ட படம் நிக் கபால்டோன் என்னும் இளைஞனது வரலாறு. ரிச்சர்டு யெல்லாந்து என்பார் எடுத்தது. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெயரைப் ‘பன்னிரண்டு மைல் வடக்கே’ என்று தமிழாக்கலாம். படத்தைப்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நிருவாகக் குழுவினர் என்னைப் பணித்தனர். காட்சிக்கு நாள் குறித்தது முதலாக உறுப்பினர் சிலர் என்னிடம் இரண்டு வினாக்களை எழுப்பி வந்தனர். அமெரிக்க நாட்டுக் கடற்கரையிற் கறுப்பினத்தார் குளித்த கதை நம் சங்கத்திற்கு எற்றுக்கு என்பது ஒன்று. இத்தகைய காட்சிக்கு நம்மவரல்லாத அண்டை அயலாரையும் அழைக்கலாமோ என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் இரண்டற்கும் விடை ஒன்றே என்பது என் கருத்து. அவ்விடையை வரலாற்றின் வாயிலாகவே கூற விரும்புகின்றேன்.

கபால்டோன் 1927-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தோன்றியவன்; கறுப்பின மரபும் மெக்சிகோ மரபும் கலந்த குடியினன். சாந்தா மோனிக்கா நகரிற் கல்வி கற்றான். அந்நகர்க் கடற்கரையிற் பே தெருவின் எதிரேயுள்ள சிறு மணற்பகுதியிலேயே கறுப்பினத்தார் அச்சமின்றி நீராடுதல் வழக்கமாயிருந்தது. வெள்ளையர் அவ்விடத்திற்கு ‘மைக்கூடு’ என்று இகழ்ச்சிப் பெயர் இட்டனர். ஆசிரியத் தொழிலுடைய எனக்கு மைக்கூட்டினும் உயர்ந்த பாண்டம் வேறொன்று இன்று; அவர்கள் கருதியதோ தோலின் நிறத்தை. அங்கே அலைச்சறுக்கு பயின்ற இவன் மாலிபுக் கடற்கரையின் பேரலைகளை நாடினான். சொந்த வண்டி இல்லை; சாலையில் நின்றால் ஏற்றிச் செல்வாரும் அரியர். ஆதலாற் பலகைமேற் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டு பன்னிரண்டு மைல், அஃதாவது ஏறத்தாழ 19 கிலோமீட்டர், கடல்வழியே சென்றான். 1951 ஜூன் 5 அன்று மாலிபுவிற் பேரலையொன்றில் வருகையில், அங்குள்ள கடற்பாலத்தின் தூணில் மோதுண்டு இருபத்து நான்காம் அகவையில் உயிர் துறந்தான்.

இவனைத் தரைவழியே போகலாகாதென்று தடுத்த சட்டம் யாது? ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் ‘இக்கடற்கரை வெள்ளையர்க்கே உரியது’ என்று மாநிலச் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை. அன்றியும், அலை வந்து மீளும் ஈர மணல் பொதுமக்கட்குரியது; பொதுநீரை அடையும் வழியை நிலமுடையார் மறித்தல் கூடாது என்பதோ அந்நாட்டார் 1879-இல் இயற்றிய மாநில அரசியலமைப்பிலேயே உள்ள விதி. சட்டம் கதவைத் திறந்துவைத்திருக்க, மக்கள் கரையை இழந்தது எங்ஙனம்? இதனை அறிதற்கு மாலிபுவை விட்டு, சாந்தா மோனிக்காவிற்குத் தெற்கே மேன்ஹாட்டன் பீச் என்னும் சிற்றூருக்குச் செல்லல் வேண்டும்.

1912-ஆம் ஆண்டில் வில்லா புரூஸ் என்னும் கறுப்பின மாது அவ்வூர்க் கடற்கரையில் ஒரு மனையை 1,225 டாலருக்கு வாங்கினார். அவர் கணவர் சார்லஸ் புரூஸ் இருப்புப்பாதை வண்டியின் உணவுப் பெட்டியிற் சமையற்காரர். மனைவியார் அம்மனையிற் சிற்றுண்டிக் கடை வைத்தார். நீராடும் உடைகளை வாடகைக்கு அளித்தார். பின்னர் விடுதியும் நடன மண்டபமும் எழுந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கறுப்பினத்தார் வந்து குவிந்தனர். கடைக்கும் நீருக்கும் இடைப்பட்ட மணல் ஜார்ஜ் பெக் என்னும் நிலக்கிழாருடையது. முதற் கோடையிலேயே அம்மணல் அடைக்கப்பெற்றது. உட்புகுதல் கூடாது என்ற பலகை ஏறியது. வந்தவர் அரை மைல் சுற்றி நடந்து கடலில் இறங்கி, அரை மைல் சுற்றி மீண்டனர். இருந்தும் கூட்டம் குறையவில்லை. நிலம் தம்முடையதென்றும் அதனைக் கைவிடுவதில்லை என்றும் வில்லா அம்மையார் செய்தித்தாளுக்கு உரைத்தார்.

பின்னர் வண்டிச் சக்கரங்களின் காற்றைப் பிடுங்கினர்; பத்து நிமிடத்திற்குமேல் வண்டி நிறுத்தலாகாது என்று பொய்ப் பலகைகள் நட்டனர் என்று எழுதிவைத்துள்ளனர். இவற்றாற் பயனின்மையின், 1924-இல் நகரசபை காகிதத்தைக் கையில் எடுத்தது. பொதுப் பூங்கா அமைக்கவேண்டும் என்று கூறி நில ஆர்ஜித நடவடிக்கை தொடங்கியது. புரூஸ் தம்பதியரின் மனைகளும் வேறு சில கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளும் அதிற் சிக்கின. வெள்ளையர்க்குரிய மனைகளும் சேர்க்கப்பட்டன. ஆனால் அவை கட்டடமற்ற வெற்று மனைகள். புரூஸ் தம்பதியர் கேட்ட தொகை இழப்பீடு உட்பட 1,20,000 டாலர். 1929-இற் கிடைத்தது 14,500 டாலர். அவ்வூரில் அவர்கட்கு மீண்டும் விடுதி வைக்க இடம் வாய்க்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று பிறர்க்குச் சமைத்து வாழ்நாளைக் கழித்தனர்.

அவசரமாக வேண்டப்பட்ட அப்பூங்கா எழுந்ததோ எனின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நிலம் வெறுமனே கிடந்தது. நகரசபையின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் பிற்காலத்தில் உள்ளூர்ச் செய்தித்தாளில் உண்மையை எழுதிவிட்டார். கறுப்பினத்தாரை விலக்குதற்கே நிலம் எடுத்தோம், உண்மை நோக்கத்தை ஒருகாலும் ஒப்புக்கொள்ளலாகாதென்று வழக்கறிஞர்கள் எமக்கு அறிவுறுத்தினர் என்பது அவர் எழுதியதன் சாரம். அன்பர்களே! இவ்விடத்தை நான் இருமுறை படித்தேன். வேலிபோட்டு விலக்கியிருந்தால் வேலியைப் பிடுங்கலாம். பூங்கா என்று சொல்லி விலக்கினால் எதனைப் பிடுங்குவது? பூங்கா வேண்டாம் என்று யார் சொல்லுவார்?

ஆயினும் அக்காலத்தும் எதிர்த்து நின்றார் உண்டு. 1927-இல் நகரசபை கடற்கரையைத் தனியார் ஒருவருக்கு ஆண்டிற்கு ஒரு டாலர் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரரும் பழைய பலகையையே நட்டார். கறுப்பினத்தார் நலம் நாடும் தேசிய சங்கத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளைத் தலைவர் டாக்டர் கிளாட் ஹட்சன் என்பாரும் பிறரும் அக்கோடையில் வேண்டுமென்றே கடலில் இறங்கிக் குளித்துக் கைதாயினர். குத்தகை ஒழிந்தது, கரை பொதுவாயிற்று. நீராடியதற்காகச் சிறை என்பது கேட்க நகைப்பாயினும், அந்நீராட்டினாலேயே அவ்வூர்க் கரை இன்றும் பொதுவாக நிற்கின்றது.

நிற்க. நிலம் சென்றது, பெயரும் சென்றது. 1956-இல் ராபர்ட் பிரிகாம் என்பார் பட்டத்திற்கெழுதிய ஆராய்ச்சியுரையில் அவ்வரலாற்றைத் திரட்டி வைத்தார். அது நூலகத்தில் உறங்கிற்று. 2007-இல் அப்பூங்காவிற்குப் புரூஸ் பெயரையே இட்டனர், மகிழத்தக்கதே. ஆனால் உடன் நாட்டிய நினைவுப் பலகையில், மணலை அடைத்த பெக் என்பாரையே கறுப்பினத்தார்க்குக் கடற்கரை வாய்க்கச் செய்த கொடையாளராகத் தோன்றும்படி எழுதினர்! காகிதம் பொய் சொன்னதுபோல உலோகமும் பொய் சொல்லிற்று. அப்பலகையை மாற்றுதற்கு 2023 வரை செல்லவேண்டியதாயிற்று. இடையில் 2020-இல் ஜூன் 19 அன்று அப்பூங்காவில் மக்கள் கூடி உணவுண்டு வரலாற்றைப் பேசினர், ஊரறிய வழக்கெடுத்தனர். 2021-இல் மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றிற்று. 2022-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சியார் மனைகள் இரண்டையும் புரூஸ் வழித்தோன்றல்கட்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். 2023-இல் அவ்வழியினர் ஏறத்தாழ இரண்டு கோடி டாலருக்கு நிலத்தை மாவட்டத்திற்கே விற்றனர். விற்றது சரியோ என்று அந்நாட்டிற் பலர் வினவினர். தம் பொருளைத் தாம் விற்கும் உரிமையும் உரிமையே என்பது என் துணிபு. நகரசபையோ 2021-இல் ‘ஒப்புதலும் கண்டனமும்’ என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மன்னிப்பு என்னும் சொல்லை மட்டும் எழுத அதற்குக் கை வரவில்லை.

இதனால் நமக்கு என்னை என்பாருக்கு இரண்டு செய்திகள் கூறுவேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திற்குச் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றடைந்தது. அவர்களுட் பலர் தமிழர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும், நகரின் நல்ல கடற்கரைகளிற் கால்வைக்க முடியாதிருந்தனர். அங்கே ஒளிவுமறைவு இல்லை. வெள்ளை இனத்தார்க்கு மட்டும் உரியது என்று பலகையிலேயே எழுதினர். 1953-ஆம் ஆண்டுச் சட்டம், இனந்தோறும் ஒதுக்கும் வசதிகள் தம்முள் ஒத்தனவாக இருக்கவேண்டியதில்லை என்றும் விளம்பிற்று. 1989-இல் மக்கள் திரள்திரளாகக் கடலிற் புகுந்தனர். அவ்வாண்டு நவம்பரிற் கரைகள் யாவர்க்கும் திறக்கப்பெற்றன. மறு ஆண்டு அச்சட்டமும் நீக்கப்பட்டது. ஆகவே கரையினின்று விரட்டப்பட்டவர் பட்டியலில் நம் மொழி பேசுவாரும் உளர்.

மற்றொன்று. காற்றும் ஓடுநீரும் கடலும் கடற்கரையும் யாவர்க்கும் பொது என்பது உரோமப் பேரரசன் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டநூலிற் கண்ட கொள்கை. நம் தொல்காப்பியமும் நெய்தற் பெருமணலுக்கு வருணனைத் தெய்வமாக வகுத்ததன்றி மக்களுள் ஒருவனுக்கும் பட்டா வழங்கவில்லை என்று மாணவர்க்கு விளையாட்டாகச் சொல்லுவதுண்டு. உரோமர் கொள்கை ஆங்கிலச் சட்டத்தின் வழியாகக் கலிபோர்னியாவை அடைந்தது; அந்நாட்டு நீதிமன்றம் மோனோ ஏரி வழக்கில் அதனை விரித்துரைத்தது. நம் உச்சநீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கிற் கூறிய தீர்ப்பில் உரோமர் கொள்கையையும் அம்மோனோ ஏரி வழக்கையும் எடுத்துக்காட்டி, கடற்கரை முதலிய இயற்கைச் செல்வங்களுக்கு அரசு அறங்காவலனேயன்றி உடைமையாளன் அல்லன் என்று நிறுவியது. எனவே அவர்கள் கரையைப்பற்றிய வழக்கு நம் உரிமைக்கும் சான்றாயிற்று.

இனி இரண்டாவது வினா. நமது காட்சிக்கு அச்சிடக் கொடுத்த அறிவிப்புத்தாளில் ‘உறுப்பினர் குடும்பத்தார்க்கு மட்டும்’ என்று ஒரு வரி உளது. திருமணத்திற்கும் ஆண்டுவிழாவிற்கும் அச்சிட்ட பழைய தாளைப் பார்த்து எழுதியதால் அவ்வரி வந்தது. யாரையும் விலக்கவேண்டும் என்னும் எண்ணம் இல்லை என்று நான் நன்கறிவேன். இடம் போதாது, நாற்காலி போதாது என்பது சொல்லப்படும் காரணம். மண்டபத்தில் இன்று எத்தனை நாற்காலி காலியாக இருக்கின்றன என்பதை அன்பர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம். மறிக்கப்பட்ட கரையைப்பற்றிய படத்தை வாயிலை மறித்துக்கொண்டு காண்பது எவ்வாறு பொருந்தும்? நம் சங்கம் நம்மவர் நலத்திற்கு அமைந்தது, உண்மை. உதவிச் சம்பளமும் கடனும் நம்மவர்க்கே ஆகுக. படக்காட்சி அத்தகையதன்று. பத்துப்பேர் கண்டாற் குறைந்து, நூறுபேர் கண்டாற் செலவாகிவிடும் பொருளன்று அது.

படங்காட்டுதல் வீண்பொழுது என்று கருதுவாரும் உளர். ஒரு படத்தாற் சட்டம் மாறிவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் பிரிகாம் எழுதியது நூலகத்தில் உறங்கிய ஆண்டுகளை எண்ணுங்கள். எழுத்தறியாத கிழவியும் சிறு பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளுதல் நூலால் ஆவதன்று. சாந்தா மோனிக்காக் கரையில் 2008-இல் நாட்டிய நினைவுப் பலகை கபால்டோன் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஆண்டுதோறும் அவன் பெயரால் ஒரு நாள் குறித்து, கடலையே அறியாத நகர்ப் பிள்ளைகட்கு இலவசமாக அலைச்சறுக்கு கற்பிக்கின்றனர். படக்காட்சிகளும் நிகழ்ந்து வந்திருக்கின்றன. படத்தைக் கண்டு வீட்டிற்குப் போய்விடாமல் நீரில் இறங்குதல் அவர்கள் முறை. எனக்கு அம்முறை பிடித்திருக்கின்றது.

நம் காட்சிகளுக்கு யான் வேண்டுவன சிலவே. கட்டணம் வேண்டா. பிள்ளைகள் முன்னே தரையில் அமர்க; முதியோர்க்கு நாற்காலி. படம் முடிந்தவுடன் விளக்கேற்றிக் கலைந்துவிடாது அரைமணி நேரம் பேச இடம் தருக. கடற்கரையை அடையும் எந்த வழி முன்னே இருந்தது, எப்பொழுது அடைபட்டது, அப்பொழுது என்ன காரணம் சொன்னார்கள் என்று அறிந்த முதியோர் நம்மிடையேயும் அயலாரிடையேயும் உளர். அவர்கள் சொல்லுவதை மாணவன் ஒருவன் நாளும் ஆண்டும் குறித்து எழுதிக்கொள்க. பொறுப்பை என் வகுப்பு மாணவரிடம் ஒப்புவிக்க ஆயத்தமாக இருக்கின்றேன். அயலார் வாராவிடின் அவ்வேட்டிற் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும்.

அடுத்த காட்சிக்கு டெட் உட்ஸ் என்பார் 2011-இல் எடுத்த ‘வெள்ளைப் பூச்சு’ என்று பொருள்படும் படம் குறிக்கப்பட்டுளது. கறுப்பின அலைச்சறுக்கு வீரர் வரலாறு அது. ஆங்கிலத்தில் உள்ளதாதலின், இடையிடையே நிறுத்தித் தமிழிற் பொருள் கூற ஒப்புக்கொண்டுள்ளேன். அறிவிப்புத்தாளிலுள்ள அவ்வொரு வரியை நிருவாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்யும் வரையில், தாளை அச்சுக்கூடத்திலேயே நிறுத்திவைக்குமாறு செயலாளர் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.