நோயாளியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மனநோய்களுக்கான கிளினிக்கல் டிரையல். ஒரு புது மருந்தோ புது ஆலோசனை முறையோ உண்மையிலேயே குணம் தருகிறதா என்று ஆட்களிடம் முறைப்படி சோதித்துப் பார்க்கும் ஆய்வு அது. புற்றுநோய்க்கு இப்படி ஓர் ஆய்வு நடக்கிறது என்றால், "எந்த ஆஸ்பத்திரி, நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்று விசாரிக்கிற நாம், மனநோய் என்றதும் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம். "புத்தி சரியில்லாத பிள்ளை, கேட்க ஆளில்லை என்று சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களா?" என்று சிலர் சீறுகிறார்கள். பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை, இதையும்தான் பார்த்துவிடுவோமே என்று படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் வேறு சிலர். மறுத்தவரும் அப்பாதான், கையெழுத்திட்டவரும் அப்பாதான். மருந்தை விழுங்கப்போகிறவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்வில் சேர்வதா, வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அதற்கான தகவலைத் தேடிக் கொடுப்பதும் புரியவைப்பதும்தான் நம் வேலை. இதைத்தான் இன்று வாதிட வந்திருக்கிறேன்.

முதலில், இந்த ஆய்வெல்லாம் எதற்கு? அனுபவமுள்ள டாக்டர் சொன்னால் போதாதா? போதாது என்பதற்கு மனநல மருத்துவத்தின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1930-களில் மான்ஃபிரெட் சாக்கெல் என்ற மருத்துவர் மனச்சிதைவு நோய்க்கு ஒரு சிகிச்சையை அறிவித்தார். நோயாளிக்கு இன்சுலினை அளவுக்கு மீறி ஊசியில் ஏற்றி, ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கி, ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளுவது. பிறகு குளுக்கோஸ் கொடுத்து மீட்பது. ஒரு தடவை இல்லை, வாரக்கணக்கில், திரும்பத் திரும்ப. சிலர் மீளாமலே இறந்தார்கள். ஆனாலும் உலகம் முழுக்க மருத்துவமனைகள் இதற்கென்று தனி வார்டு திறந்தன. பலன் கிடைத்ததை நேரில் பார்த்ததாக அனுபவசாலிகள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள். 1953-ல் ஹரால்டு போர்ன் என்ற இளம் மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்: தானாகவே தேறக்கூடிய நோயாளிகளையே இந்த வார்டுக்குப் பொறுக்கி எடுக்கிறோம், அங்கே நர்சுகளின் கவனிப்பும் கூடுதல், குணம் அதனாலும் வந்திருக்கலாமே? மூத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1957-ல் ஆக்னர், ஹாரிஸ், ஓல்தம் என்ற மூவர் அதை ஆய்வாகவே நடத்திப் பார்த்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இன்சுலினால் மயக்கம், மற்றதற்கு பார்பிட்டுரேட் என்ற தூக்க மருந்தால் மயக்கம். கவனிப்பு எல்லாம் இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. முடிவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக ஓடிய அந்தச் சிகிச்சை அதன் பிறகுதான் மெல்ல ஒழிந்தது. மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கணித மேதை ஜான் நாஷுக்கு 1961-ல்கூட அமெரிக்காவில் இதைக் கொடுத்தார்கள். ஆய்வு நடப்பதால்தான் மனநோயாளி சோதனை எலி ஆகிறார் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆய்வே நடத்தாமல் இருபது வருடம் கொடுத்தார்களே, அதைவிடப் பெரிய சோதனை எது? அதில் முறையான ஒப்பீடும் இல்லை, நோயாளியிடம் கேட்கவும் இல்லை.

"இங்கே சாதாரண சிகிச்சையே கிடைக்கவில்லை, ஆய்வு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய்களின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர்வரை சிகிச்சை இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று கண்டுபிடிக்கவும் ஆய்வுதான் வேண்டியிருக்கிறது. டிரையல் என்றால் மாத்திரை என்றே நினைத்துவிடுகிறோம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பே இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். 495 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள்; பெறாதவர்களில் 39 சதவீதம். நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்து உதவும் சமூகப் பணியாளர் முறையை 282 பேரிடம் கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு மூன்றிலும் சோதித்தார்கள். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் அதில் பங்கெடுத்தது. 2014-ல் வந்த முடிவு அடக்கமானதுதான், ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புற மையத்தில் பலன் தெளிவாகவே தெரிந்தது. அந்த 282 பேரும் 'நமக்கெதற்கு வம்பு' என்று ஒதுங்கியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

இதைவிட வலுவான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் பாதகமான முடிவை அமுக்கிவிடுகின்றன என்பது. உண்மைதான், நான் மறுக்கப்போவதில்லை. 2008-ல் எரிக் டர்னர் குழுவினர், 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க அரசிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, எவை இதழ்களில் வந்தன என்று தேடினார்கள். மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. மீதி 36-ல் உள்ளபடி வெளியானவை மூன்றே மூன்று. 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகம்போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வந்தன. மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிந்தது எப்படி? ஆய்வுகள் தொடங்கும்போதே ஓர் இடத்தில் பதிவாகியிருந்ததால்தான். அப்படியொரு பதிவேடு இந்தியாவுக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கிய சி.டி.ஆர்.ஐ. என்ற இணையதளம்; 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகள் அதில் பதிவாவது கட்டாயம். காசு கட்ட வேண்டாம், யாரும் திறந்து பார்க்கலாம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் பட்டியல் வரும். ஒன்றைத் திறந்தால், எந்தெந்த ஊரில் நடக்கிறது, பணம் போடுவது யார், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, என்ன வயது, எந்த நிலையில் உள்ளவர்கள் சேரலாம், இப்போது ஆள் சேர்க்கிறார்களா, யாருக்குப் போன் செய்வது என்று எல்லாம் இருக்கும். டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னால் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது நடு விஷயத்துக்கு வருகிறேன். "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் என் மகனுக்கு இதெல்லாம் புரியுமா? அவன் சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது?" இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பாசம், அதனால்தான் பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்தில் வில்லியம் கார்பென்டர் குழு இதையே சோதித்தது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் ஓர் ஆய்வின் விவரத்தைச் சொல்லி, எவ்வளவு புரிந்தது என்று அளந்தார்கள். நோயில்லாதவர்களைவிட அவர்கள் பின்தங்கினார்கள். அதோடு விட்டிருந்தால் 'பார்த்தீர்களா' என்று சொல்லிவிடலாம். அவர்கள் விடவில்லை. பின்தங்கியவர்களுக்கு விவரத்தை மறுபடி, நிதானமாக, வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அளந்தபோது நோயில்லாதவர்களின் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் படித்துக் காட்டி 'புரிஞ்சுதா, இங்க கையெழுத்துப் போடு' என்பதுதான் பல நேரம் நடக்கும் கோளாறு. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதன் 99-ஆம் பிரிவு, ஆய்வுக்கு நோயாளியின் சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் தரும் நிலையிலேயே ஒருவர் இல்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை என்றால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். திறன் உள்ளவர்களிடம் அந்த ஆய்வை நடத்த முடியாது என்று அது திருப்தி அடைய வேண்டும். அதன் பிறகே அவருக்காக நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் கையெழுத்து செல்லும். நோயாளி வேண்டாம் என்று தலையாட்டினால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சேர்ந்த பிறகு எந்த நாளிலும் விலகலாம்.

புரியவைப்பதில் ஒன்றை மட்டும் விடவே கூடாது. 1982-லேயே பால் அப்பல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் கவனித்தது இது: மனநோய் ஆய்வில் சேர்ந்த பலர், 'டாக்டர் என் நோய்க்கு எது பொருத்தமோ அதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்' என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். நடப்பது அதுவல்ல. யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் டாக்டருக்கே தெரியாது. ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். போலி மாத்திரை உண்டா? இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? நிறுத்தி நிலைமை முற்றினால் என்ன ஏற்பாடு? புது மருந்து கேட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், ஆய்வு முடிந்த மறுநாள் அது கிடைக்குமா? அந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நாளைக்கு வலிக்கப்போவது அதுதான்.

சட்டத்துக்குப் பல் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விவரம். ஒப்புதல் படிவத்தில் முகவரி, தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் என்று கட்டங்கள் இருக்கும். பேங்க் படிவம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். நாமினி எதற்கென்றால், ஆய்வால் உயிருக்கு ஆபத்து வந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு. மருந்து ஆய்வு முறைகேடுகள் குறித்து இந்தூரின் ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் அமைப்பு 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன காலத்தில் இறுகிய விதிகள் இவை. 2019-ன் புது மருந்து ஆய்வு விதிகளில் இன்னும் விரிந்தன. பாதிப்புக்கு இலவச சிகிச்சை உண்டு. போலி மாத்திரை கொடுத்ததால் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சை கிடைக்காமல் பாதிப்பு வந்தாலும் இழப்பீடு உண்டு. முற்றிலும் புதிய மருந்து என்றால், மனநோயாளி போன்றவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிய வேண்டும். படிவத்தின் நகல் உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள். விதி ஏட்டில் இருப்பதாலேயே எல்லா இடத்திலும் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தவரிடம் ஏய்ப்பது கடினம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தேடிப் போனாலும் பலரைச் சேர்க்க மாட்டார்கள். குடிப்பழக்கம் இருக்கிறது, தற்கொலை எண்ணம் இருக்கிறது, வேறு நோய் இருக்கிறது என்று நிறைய ஆய்வுகள் ஒதுக்கிவிடும். அதற்காக விவரத்தை மறைப்பதோ, தகுதி பெறுவதற்காக மாத்திரையை நாமாக நிறுத்துவதோ ஆபத்து. அவசர நிலைக்கு ஆய்வு தீர்வும் இல்லை. அப்போது டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்த மேடையிலிருந்து இரண்டே கோரிக்கைகள். சி.டி.ஆர்.ஐ. பதிவுகள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் ஒவ்வொரு மனநல ஆய்வுக்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதி, மாவட்ட மனநலத் திட்ட மையங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 99-ஆம் பிரிவின் கீழ், ஒப்புதல் தர முடியாதவர்களிடம் ஆய்வு நடத்த மாநில மனநல ஆணையம் எத்தனை அனுமதி தருகிறது, எந்தக் காரணத்துக்குத் தருகிறது என்பதை, நோயாளிகளின் பெயர் வெளியாகாதபடி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மனு தயாராக இருக்கிறது, வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், அவருக்கும் படித்துக் காட்டி, அவர் விரும்பினால் அவருடைய கையெழுத்தையும் வாங்கி வாருங்கள்.