மூன்று இளவரசர்களின் நாடு



சின்ன நாட்டுச் சண்டையில் பெரிய நாடுகளுக்கு என்ன வேலை என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் நான் எந்த நாட்டைப் பற்றிப் பேசுவேன் என்று உங்களில் பலர் முடிவு கட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். அதைத் தொட்டால் நான் பேசி முடிப்பதற்குள் இந்த மண்டபம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஆகவே உங்களை லாவோஸுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே நமக்குச் சம்பந்தியும் இல்லை, பங்காளியும் இல்லை. நிதானமாகப் பார்க்கலாம்.

லாவோஸுக்குக் கடல் கிடையாது. சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர் என்று ஐந்து நாடுகள் சுற்றி நிற்கின்றன. 1953இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து முழு விடுதலை கிடைத்தபோது மக்கள்தொகை ஏறக்குறைய 20 லட்சம். மலை, மெகோங் ஆறு, நெல், புத்த விகாரை. இவ்வளவுதான் நாடு. இதற்குள் மூன்று இளவரசர்கள் மூன்று திசையில் இழுத்தார்கள்.

சுவன்னா பூமா, சுபானுவோங் இருவரும் அண்ணன் தம்பி. அப்பா ஒருவர், தாய்மார் வேறு. இருவருமே பிரான்ஸில் பொறியியல் படித்தவர்கள். தம்பி சுபானுவோங் வியட்நாமில் வேலை பார்த்தார், வியட்நாமியப் பெண்ணை மணந்தார், ஹோ சி மின் பக்கம் சேர்ந்து பாத்தேத் லாவ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் முகமானார். அண்ணன் சுவன்னா பூமா யார் பக்கமும் சாயாத நாடு வேண்டும் என்றார். மூன்றாமவர் தெற்கே சம்பாசக் அரச குடும்பத்து பூன் ஊம். அவருக்குப் பின்னால் தளபதி பூமி நோசவன் நின்றார். தளபதிக்குப் பின்னால் பாங்காக்கும் வாஷிங்டனும் நின்றன.

இது அவர்கள் வீட்டுச் சண்டை. வெளியார் யாரும் இதைக் கொண்டுவந்து போடவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. வெள்ளைக்காரன் மூட்டிவிட்டான் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டுகிற பேச்சு நமக்கு ரொம்பச் சுலபமாக வரும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் லாவோஸில் நடந்தது அதைவிட மோசமானது.

1957 நவம்பரில் அண்ணனும் தம்பியும் கைகோத்துக் கூட்டரசு அமைத்தார்கள். யாரும் கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கவில்லை, அவர்களாகவே பேசி முடித்துக்கொண்டார்கள். 1958 மே மாதம் 21 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. பாத்தேத் லாவ் கட்சியும் அதன் தோழமைக் கட்சியும் சேர்ந்து 13 இடங்களை வென்றன. காட்டில் துப்பாக்கி தூக்கியவர்கள் வாக்குப்பெட்டிக்கு வந்து ஜெயித்திருக்கிறார்கள். உலகத்துக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியது. லாவோஸ் ராணுவத்தின் செலவு முழுவதையும் அப்போது அமெரிக்காதான் கொடுத்துக்கொண்டிருந்தது. சிப்பாய்க்குச் சம்பளம், சீருடை, தோட்டா எல்லாமே அந்தப் பணத்தில்தான். 1954 ஜெனீவா ஒப்பந்தப்படி அங்கே அமெரிக்க ராணுவக் குழு இருக்கக் கூடாது. அதனால் அதிகாரிகளுக்கு சிவிலியன் உடுப்பு மாட்டி, "திட்ட மதிப்பீட்டு அலுவலகம்" என்று பெயர்ப்பலகை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். பணம் நின்றது, சில வாரங்களில் சுவன்னா பூமாவின் அரசு கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு தம்பி சிறையில். 1960 மே மாதம் ஓர் இரவு, காவலர்களையே தம் பக்கம் இழுத்து, அவர்களோடு சேர்ந்து சிறையிலிருந்து நடந்தே வெளியேறிக் காட்டுக்குத் திரும்பிவிட்டார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

இளவரசர்களை விடுங்கள். இந்தக் கதையில் என் மனதைப் பிடித்து வைத்திருப்பவர் கோங் லே என்கிற ஒரு கேப்டன். பாராசூட் படையைச் சேர்ந்தவர், குள்ளமான மனிதர், வயது முப்பதைத் தொடவில்லை. 1960 ஆகஸ்டில், இறந்துபோன மன்னரின் ஈமச்சடங்கு ஏற்பாட்டைப் பேசுவதற்காக அமைச்சர்கள் லுவாங் பிரபாங் போயிருந்த நேரம் பார்த்து, தம் படையோடு தலைநகர் வியந்தியானைப் பிடித்துவிட்டார். ஏன் பிடித்தாய் என்று கேட்டால், லாவோஸ்காரனை லாவோஸ்காரன் கொன்றது போதும், அந்நியர் எல்லோரும் வெளியே போகட்டும் என்றார். நாற்காலியில் அவர் உட்காரவில்லை. சுவன்னா பூமாவை மீண்டும் பிரதமராக்க வழிவிட்டார்.

அந்த மனிதருக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று பாருங்கள். பூமி நோசவனின் படை, அமெரிக்கத் தளவாடத்தோடு டிசம்பரில் வியந்தியானைத் தாக்கியது. கோங் லேவுக்குத் தோட்டா வேண்டும், அரிசி வேண்டும், பெட்ரோல் வேண்டும். யார் கொடுப்பார்? சோவியத் விமானங்கள் வந்து இறக்கின. அந்நியரே வெளியேறுங்கள் என்று சொன்னவர், நான்கே மாதத்தில் அந்நிய விமானத்தின் சத்தம் கேட்கிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைநகரை இழந்து வடக்கே ஒரு சமவெளிக்குப் போய், பாத்தேத் லாவோடு சேர்ந்தார். அவர்களோடும் ஒத்துப் போகவில்லை. 1963இல் அவர்களும் அவர்மேல் பாய்ந்தபோது கோங் லே கை நீட்டியது அமெரிக்காவிடம்! கடைசியில் தம் நாட்டிலேயே இடமில்லாமல் வெளியேறி, 2014இல் பாரிஸில் இறந்தார்.

கோங் லே கெட்டவரா? இல்லை. அந்த நாட்டில் யாரையும் நம்பாமல் சண்டை போடவும் முடியவில்லை, சண்டையை நிறுத்தவும் முடியவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான். சகோதரர்கள் சண்டை என்றைக்காவது ஓய்ந்துதான் ஆகும். கை வலிக்கும், காசு தீரும், அறுவடை வரும், ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே வருவார். வெளியிலிருந்து ஒருவன் வந்து, காசைப் பற்றி நீ கவலைப்படாதே என்று சொன்ன நிமிடத்தில் அந்த ஓய்வு வராது. அதற்குப் பிறகு சண்டையை முடிக்கும் உரிமை சண்டை போடுகிறவர்களிடம் இல்லை, செலவு செய்கிறவனிடம் போய்விடுகிறது.

1962 ஜூலையில் ஜெனீவாவில் 14 நாடுகள் கூடி, லாவோஸ் நடுநிலை நாடு, அந்நியப் படைகள் 75 நாளில் வெளியேற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டன. மேற்பார்வைக்கு மூன்று நாட்டு ஆணையம். கனடா, போலந்து உறுப்பினர்கள். தலைமை நம் இந்தியா. கெடு முடிந்த அக்டோபரில் ஆணையத்தின் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வெளியேறிய அமெரிக்க ராணுவத்தினர் 666 பேர். வடக்கு வியட்நாமியர் எத்தனை பேர் தெரியுமா? 40 பேர். ஆயிரக்கணக்கில் இருந்தவர்களில் 40 பேர்! மற்றவர்கள் காட்டுக்குள்ளேயே இருந்தார்கள். தெற்கு வியட்நாமுக்கு ஆளும் ஆயுதமும் கொண்டு போகும் ஹோ சி மின் பாதை லாவோஸ் மண்ணில்தான் ஓடியது. அதை அவர்கள் விடுவார்களா? சோஷலிஸ்ட் தோழர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. மலையில் வாழும் ஹ்மோங் மக்களிலிருந்து வாங் பாவ் என்கிற தளபதியின் கீழ் சி.ஐ.ஏ. வளர்த்த ரகசியப் படை அப்படியே இருந்தது. அவர்களுடைய தளமான லோங் சேங், ஆயிரக்கணக்கான மக்களும் விமான ஓடுதளமும் கொண்ட ஊர். வரைபடத்தில் மட்டும் கிடையாது. ஆணையத்தில் இருந்த நம் அதிகாரிகள் பாத்தேத் லாவ் பகுதிக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கவில்லை. நாற்காலி நம்முடையது, சாவி வேறு யாரிடமோ.

1963 ஏப்ரல் முதல் தேதி நடுநிலை அரசின் வெளியுறவு அமைச்சரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெனீவா ஒப்பந்தத்தை ஒட்டி மூன்று தரப்பும் சேர்ந்து அமைத்திருந்த கூட்டரசு அதோடு பெயருக்கு மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் குண்டுவீச்சு தொடங்கியது.

கோங் லே போன அந்தச் சமவெளி சியெங் குவாங் மாகாணத்தில் இருக்கிறது. நம் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழி கிடைத்ததுபோல அங்கே கல்லிலேயே குடைந்த தாழிகள், ஆள் உயரத்துக்கு மேலும் சில, வெட்டவெளியில் நிற்கின்றன. அவையும் ஈமச்சடங்குக்காகச் செய்தவை என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சமவெளியும் ஹோ சி மின் பாதையும்தான் இலக்கு. 1964 முதல் 1973 வரை 5,80,000 முறை விமானங்கள் பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கணக்குப் போட்டால் ஒன்பது ஆண்டுகள், இரவும் பகலும், எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். 1968 நவம்பரில் வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை அமெரிக்க அதிபர் ஜான்சன் நிறுத்தினார். உலகம் பெருமூச்சு விட்டது. சும்மா நின்ற விமானங்கள் லாவோஸ் பக்கம் திரும்பின. அதே மாதம் தாம் பியூ குகைக்குள் ஒளிந்திருந்த 374 பேர், பெண்களும் குழந்தைகளும், ஒரே தாக்குதலில் மாண்டார்கள். அமெரிக்க மக்களுக்கே இந்தக் குண்டுவீச்சு பல ஆண்டுகள் தெரியாது. போர் என்று அறிவித்தால்தானே தெரியும்?

  

1973இல் வியட்நாம் சமாதான ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்ட அடுத்த மாதமே லாவோஸிலும் சமாதானம் வந்தது. கவனியுங்கள், பதினாறு ஆண்டுகள் முன்னால் அண்ணனும் தம்பியும் செய்துகொண்ட அதே கூட்டரசு, 1974இல் மறுபடியும்! பெரியவர்களுக்குத் தேவை தீர்ந்ததும் சின்னவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 1975 டிசம்பரில் முடியாட்சி ஒழிந்து தம்பி குடியரசுத் தலைவரானார். அண்ணன் நாட்டை விட்டு ஓடவில்லை, ஆலோசகராக அங்கேயே இருந்து இறந்தார். மன்னர் முகாமில் மாண்டார். வாங் பாவ் விமானம் ஏறினார். அவருக்காகச் சண்டை போட்ட ஹ்மோங் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கவில்லை. சிலர் மெகோங்கை நீந்திக் கடந்தார்கள், சிலர் கடக்க முடியாமல் போனார்கள்.

வீசியதில் கொத்துக் குண்டின் சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் ஏறக்குறைய 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. பந்து அளவுதான் இருக்கும், குழந்தை எடுத்து விளையாடும். போர் முடிந்த பிறகும் சுமார் 20,000 பேர் இறந்தோ ஊனப்பட்டோ இருக்கிறார்கள். 2016இல் ஒபாமா நேரில் போய் மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். பதவியிலிருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அந்த மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் குண்டை உலகத்தில் யாரும் செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது என்று 2008இல் ஆஸ்லோவில் ஓர் உடன்படிக்கை வந்தது. அதை ஏற்ற நாடுகளின் முதல் கூட்டம் 2010இல் வியந்தியானில்தான் நடந்தது. அமெரிக்கா கையெழுத்திடவில்லை. ரஷ்யா இல்லை, சீனா இல்லை. அன்றைக்கு ஆணையத்தின் தலைமை நாற்காலியில் இருந்த நம் இந்தியாவும் இல்லை. உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை இந்த நூலகத்துக்கு வரும்போது, ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.