மண்ணும் நூலும்: வீட்டிலிருந்தே ஒரு கைவேலை
(பெண்கள் பூத்தையல் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)

 

அல்ஹம்துலில்லாஹ், உங்கள் எல்லோருக்கும் இப்போது ஊசி வசப்பட்டுவிட்டது. சங்கிலித் தையல், காம்புத் தையல், கிராஸ் தையல் என்று எதைக் கேட்டாலும் போடுகிறீர்கள். சிலர் ஆரி வேலையும் கற்றிருக்கிறீர்கள். இனி இந்தக் கைத்திறனை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நம் மஹல்லாவில் பூவேலை தெரிந்த பெண்கள் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். கடையிலிருந்து ஜாக்கெட் துணி வரும். ராத்திரி பகலாகக் கண் விழித்துத் தைத்துக் கொடுப்பார்கள். கூலி எவ்வளவு என்பதைக் கடைக்காரர்தான் சொல்வார். கல்யாண சீசன் முடிந்தால் வேலையும் நின்றுவிடும். துணி அவருடையது, டிசைன் அவருடையது, வாங்க வருகிறவரும் அவருடைய வாடிக்கையாளர். நம்முடையது கண்ணும் விரலும் மட்டும். அதனால்தான் நம்மால் பேரம் பேச முடிவதில்லை. கூலி வேலையை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதோடு கூட, முழுக்க நமக்கே சொந்தமான ஒரு பொருளையும் செய்யப் பழக வேண்டும் என்கிறோம். அதற்கு ஒரு வழிதான் சுட்ட மண்ணையும் பூத்தையலையும் சேர்ப்பது.

மண்ணுக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பழைய சம்பந்தம்தான். பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் நகரில் செய்த ஓடுகளில் இருக்கும் துலிப் பூவும் கார்னேஷன் பூவும், அதே காலத்து உதுமானிய வெல்வெட் துணிகளிலும் பூத்தையல்களிலும் இருக்கின்றன. இஸ்தான்புல்லில் 1609 முதல் 1616 வரை கட்டிய சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலின் உட்சுவரில் அப்படிப்பட்ட ஓடுகள் இருபதாயிரத்துக்கும் மேல் பதிக்கப்பட்டுள்ளன. ஒரே பூ சுவரிலும் மலர்ந்தது, துணியிலும் மலர்ந்தது. நாம் அந்த இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவரப் பார்க்கிறோம்.

இதில் மூன்று முறைகள் உண்டு.

முதலாவது, மண்ணிலேயே தைப்பது. ஈர மண்ணை வில்லையாக வெட்டி, துளைகள் போட்டு, காய வைத்து, சுட்டு எடுத்த பிறகு அந்தத் துளைகளில் நூல் கோப்பது. கிராஃப் தாளில் கட்டம் போட்டு வரிசையாகத் துளையிட்டால் கிராஸ் தையல் போடலாம். கட்டங்களுக்குள்ளேயே எழுதுகிற சதுரக் கூஃபி எழுத்து இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். ஆனால் அல்லாஹ்வின் திருநாமத்தைத் தைத்தால் அது எங்கே வைக்கப்படும் என்று யோசித்துச் செய்யுங்கள். வீட்டுப் பெயர்ப்பலகை, பூக்கொடி, கோணக் கட்டங்கள் என்று செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இரண்டாவது, மண்ணுக்குள் துணியை அமர்த்துவது. சின்ன மண் கிண்ணத்தில் பஞ்சு வைத்து, பூத்தையல் போட்ட துணியை உப்பலாகப் பொருத்தினால் அது ஊசி குத்தி வைக்கும் மெத்தை. மண் சட்டத்துக்குள் துணியைப் பொருத்தினால் சுவரில் மாட்டலாம். ஆரி கற்றவர்களுக்கு இந்த முறைதான் ஏற்றது. ஆரி ஊசியின் கொக்கிக்கு இழுத்துக் கட்டிய துணி வேண்டும், மண் துளையில் அது வேலை செய்யாது.

மூன்றாவது, துணியின் மேல் மண்ணை வைப்பது. கட்ச் பக்கத்துக் கண்ணாடி வேலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணாடியில் துளையே கிடையாது. மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டு, அந்த நூலைப் பிடித்துச் சுற்றிலும் தைத்து நிறுத்துகிறார்கள். அதே தையலில் காசு அளவுள்ள சுட்ட மண் வில்லைகளைப் பைகளிலும் திரைகளிலும் பதிக்கலாம். மெல்லிய துணியில் வேண்டாம், கனம் தாங்காமல் தொங்கிவிடும்.

இனி செய்முறைக்கு வருவோம். மண்ணை நாமே தோண்டிக் குழைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பங்களிடம் கல்லும் வேரும் நீக்கிப் பதமாக மிதித்த மண்ணை விலைக்கு வாங்கலாம். சப்பாத்திக் கட்டையால் தேய்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள மரச் சட்டம் வைத்துத் தேய்த்தால் மண் ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் சமமாக வரும். ஓரிடம் கனமாகவும் ஓரிடம் மெல்லிசாகவும் இருந்தால் காயும்போதே கோணிக்கொள்ளும், இல்லையென்றால் வெடிக்கும்.

துளை போடும் பதம் முக்கியம். ரொம்ப ஈரமாக இருந்தால் துளை மூடிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் வில்லை உடையும். விரலால் தொட்டால் ஒட்டாமல், நகத்தால் கீறினால் கோடு விழுகிற பதத்தில் போடுங்கள். தீர்ந்துபோன பேனா ரீஃபில் போதும். மண் காய்ந்து சுடப்படும்போது சுருங்கும். பத்து சென்டிமீட்டர் வில்லை ஒன்பதாகக்கூட வரலாம், துளையும் அதே விகிதத்தில் சிறுக்கும். ஆகவே தேவைப்படுவதைவிடச் சற்றுப் பெரிதாகவே போடுங்கள். ஓரத்திலிருந்தும், துளைக்குத் துளையும் அரை சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். துளையின் வாயை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி மழமழப்பாக்கிவிடுங்கள். கூரான வாய் நூலை அறுத்துவிடும்.

பிறகு நிழலில், மேலே துணி போர்த்தி, மெதுவாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தட்டக் கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் அது ஆவியாகி வில்லையை உடைத்துவிடும். சுடுவதற்குத் தனிச் சூளை கட்ட வேண்டாம். வேளார் அண்ணன்மார் பானை அடுக்கும்போது இடைவெளியில் நம் வில்லைகளையும் வைக்கக் கேட்கலாம். கூலியை முன்கூட்டியே பேசி, மனம் நிறையக் கொடுத்துவிட வேண்டும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் மதிக்கிற தொழில் அது. நம் விரல் வேலைக்குச் சரியான விலை கேட்கிற நாம், அவர்கள் சூளைக்குச் சரியான கூலி கொடுக்காமல் இருக்கலாமா?

சுட்டு வந்த பிறகு துளையில் பிசிறு இருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது அறவே வேண்டாம். நூலில் தேன்மெழுகு தடவிக்கொண்டால் உராய்வைத் தாங்கும். முனை மழுங்கிய ஊசி போதும், துளைதான் ஏற்கெனவே இருக்கிறதே! துணியில் இழுப்பது போல மண்ணில் இறுக்கி இழுக்காதீர்கள். துணி விட்டுக்கொடுக்கும், மண் விட்டுக்கொடுக்காது.

இனி விலை. நாம் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். மண்ணும் சூளைக் கூலியும் சேர்த்து வில்லைக்கு 16 ரூபாய் என்று 20 வில்லைக்கு 320 ரூபாய் செலவானது. சூளையிலிருந்து 16 தான் முழுதாக வந்தது. அப்படியானால் ஒரு வில்லையின் அடக்கம் 20 ரூபாய். உடைந்ததும் கணக்கில் வர வேண்டும். நூலும் மாட்டும் கயிறும் 20 ரூபாய். தைக்க மூன்று மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் என்றால் 180. ஆக 220 ரூபாய். இதை 150 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, “வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே” என்று சொல்கிற சகோதரிகள் நம்மிடையே உண்டு. அடுப்பு வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, தன் தூக்கத்தில் வெட்டி எடுத்த நேரம் எப்படிச் சும்மா இருந்த நேரமாகும்? அதற்கு விலை போடாதவரை கடைக்காரரும் போட மாட்டார், வீட்டிலுள்ளவர்களும் போட மாட்டார்கள்.

220 ரூபாய்க்கு வாங்க ஆள் இல்லை என்றால் கூலியில் கை வைக்காதீர்கள், தையலைக் குறையுங்கள். வில்லை முழுவதும் நிரப்பாமல் ஒரு மூலையில் மட்டும் ஒரு கொடி போடுங்கள். அரை மணி நேர வேலைக்கு 30, நூலும் கயிறும் 10, வில்லை 20, ஆக 60 ரூபாய். மண்ணின் செம்மை நிறம் வெறுமையாகத் தெரிந்தால்தான் அந்த ஒரு கொடியும் எடுப்பாகத் தெரியும்.

வாங்குகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நம் கடமை. நூல் கோத்த மண் தட்டு சாப்பிடுவதற்கு ஆகாது. நூலில் ஈரமும் எச்சமும் தங்கும். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கீழே விழுந்தால் உடையும். இதைச் சொன்னால் விற்காதே என்று பயப்பட வேண்டாம். சொல்லி விற்றவரைத்தான் மறுபடி தேடி வருவார்கள்.

குடும்பத்தில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். வில்லைகளைச் சூளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, உடையாமல் வாங்கி வாருங்கள். விற்ற காசு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். மகளுடைய மதரஸா புத்தகத்துக்கோ, மாமியாரின் மருந்துக்கோ தன் கைக்காசிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஒரு பெண்ணுக்கு வருகிற நிமிர்வைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

முதல் முயற்சியாக ஆளுக்கு ஐந்து வில்லை மட்டும் செய்யுங்கள். மூன்று உங்கள் வீட்டுக்கும் சொந்தங்களுக்கும், இரண்டு விற்பனைக்கு. ஒவ்வொன்றின் பின்புறமும், மண் ஈரமாக இருக்கும்போதே உங்கள் பெயரின் முதலெழுத்தைக் கீறிவிடுங்கள். ஜாக்கெட்டில் நீங்கள் போட்ட பூவில் இதுவரை உங்கள் பெயர் இருந்ததில்லை. இதில் இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், உங்கள் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.