இரும்பில்லா அடித்தளம்

கருங்கல்லால் எடுத்த திருக்கோயில் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. ஆனால் அக்கல்லைத் தாங்கும் தளம் கான்கிரீட்டாயின் அதன் ஆயுள் எவ்வளவு? ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவில் இறைவன் கோயில் எழுந்தபோது இவ்வினா பிறந்தது. அது ஆயிரம் ஆண்டு நிலைக்கவேண்டும் எனச் சற்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் திருவுளங்கொண்டார். கோயிலைக் கணபதி ஸ்தபதியார் வகுத்தார். அடித்தளத்தைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குமார் மேத்தா வகுத்தார்.

கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. அதன்பொருட்டே கம்பி இடுகின்றனர். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்று காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கரியமில வாயு உட்புகுந்து அக்காரத்தைக் குறைக்கும். கடற்காற்றின் உப்போ இன்னும் விரைந்து கேடு செய்யும். துரு, இரும்பினும் பன்மடங்கு இடம் கொள்வதாகலின், தன்னை மூடிய கான்கிரீட்டையே பிளந்துவிடும். கடலோர ஊர்களில் உத்தரத்தின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளைக் காணாதார் யார்?

ஆகவே மேத்தா கம்பியை அறவே நீக்கினார். எனினும் வேறோர் இடர் உண்டு. நீருடன் கூடும் சிமெண்டு வெப்பம் உமிழும்; பருத்த தளத்தில் உட்புறம் சூடேறி, மேற்புறம் குளிர்ந்து, வெடிப்பு விழும். அதனைத் தவிர்க்கச் சிமெண்டைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, எஞ்சிய பங்கிற்கு அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தார். நீறணிந்த பெருமான் கோயிலுக்குச் சாம்பலே அடிதாங்கியது பொருத்தமன்றோ! எரிமலைச் சாம்பல் கலந்து ரோமானியர் கட்டிய பாந்தியன் மண்டபமும் கம்பியின்றியே ஏறத்தாழ 1900 ஆண்டுகளாக நிற்கிறது.

1999-இல் தளம் இடப்பட்டது. 36 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம், 61 சென்டிமீட்டர் கனம் கொண்ட அடுக்குகள் இரண்டு. சாம்பல் மெல்லவே இறுகும் இயல்பினது. வழக்கமாக 28-ஆம் நாளில் நோக்கும் வலிமையை இங்கு 90-ஆம் நாளில் நோக்கினர். திறப்புவிழா நாளை முன்னே குறித்துவிட்டுப் பணி தொடங்குவோர்க்கு இம்முறை ஒவ்வாது. பொறுமைக்குப் பயனாகத் தளம் வெடிப்பின்றி அமைந்தது.

தரைமேல் கிடக்கும் தளத்திற்கே இது பொருந்தும். தூண்களுக்கிடையே நிற்கும் உத்தரத்திற்கும் மண்டபக் கூரைக்கும் கம்பி இன்றியமையாதது. ஓயாத பாரத்தால் அவை பல ஆண்டுகள் சிறுகச் சிறுகத் தொய்யவும் செய்யும். அங்கே கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனமும், நாள்தோறும் நீர் தெளித்து ஈரங்காப்பதுமே ஆயுளை அளப்பன. திருப்பணிச் செலவில் முதலில் குறைக்கப்படுவனவும் இவையே.

சுவாமிகள் 2001-இல் மகாசமாதி எய்தினார். பெங்களூரை அடுத்துச் செதுக்கிய கற்கள் கடல்கடந்து சென்று அத்தளத்தின்மேல் ஏறின. 2023 மார்ச்சுத் திங்களில் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.