காரில் ஒட்டிய ஃபிலிம்: எப்போது உரிப்பது, எப்படி உரிப்பது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்தபின், கார் ஃபிலிமைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். நம் குடியிருப்பில் ஒரு அன்பர், காரை விற்பதற்கு முன் பானெட்டில் இருந்த பழைய ஃபிலிமை எடுத்துவிடச் சொன்னார். வண்டி கழுவ வரும் தம்பி ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். ஃபிலிமோடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் வந்துவிட்டது. வாங்க வந்தவர் விலையைக் குறைத்தார். பழி தம்பி மேல் விழுந்தது. பிறகு விசாரித்தால், அந்த பானெட் முன்பே ஒருமுறை இடிபட்டு ரீபெயிண்ட் செய்யப்பட்டதாம். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் மெக்கானிக் இல்லை, வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் இந்த வேலையை என் வண்டியில் இரண்டு முறை செய்திருக்கிறேன். வேலை தெரிந்தவர்களிடம் கேட்டும் வைத்திருக்கிறேன். அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த ஃபிலிம் என்று பாருங்கள். மூன்று வகை உண்டு. ஒன்று, புது வண்டி வரும்போது கதவுப் படி, குரோம் பட்டை, உள்ளே இருக்கும் திரை ஆகியவற்றின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக். இது வழியில் கீறல் விழாமல் இருக்க ஒட்டியது. வண்டி வீட்டுக்கு வந்ததும் இதன் வேலை முடிந்துவிட்டது. புதுசு போலவே இருக்கட்டும் என்று நாம்தான் வருடக்கணக்கில் விட்டுவைக்கிறோம். இரண்டாவது, நிறம் மாற்றவோ அழகுக்கோ ஒட்டும் வினைல் ஸ்டிக்கர். மூன்றாவதுதான் இப்போது பலரும் பணம் செலவழித்து ஒட்டும் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் பாலியூரித்தேன் ஃபிலிம். ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்க அமெரிக்க ராணுவம் 1960களில் பயன்படுத்திய ஃபிலிமின் வழிவந்தது இது.

மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு இருப்பதுபோல இதற்கும் முதிர்வு தேதி உண்டு. தேதி தாண்டினால் டெபாசிட்டில் பணம் பத்திரமாகத்தான் இருக்கும். ஃபிலிம் அப்படி இல்லை. வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்த ஃபிலிம் இழுவைத் தன்மையை இழந்து மொறமொறப்பாகிவிடும். அடியில் இருக்கும் பசை பெயிண்டோடு இறுகிவிடும். அதன்பின் ஒரே துண்டாக வராது, நகத்தளவு சில்லுகளாகத்தான் வரும். நல்ல பிபிஎஃப் ஐந்து முதல் பத்து வருடம் தாங்கும் என்று விற்கிறார்கள். வண்டி திறந்தவெளியில் நின்றால் குறைந்த பக்கத்தையே கணக்கில் வையுங்கள். மஞ்சள் பூப்பது, ஓரம் தூக்கிக்கொண்டு அழுக்குக் கோடு தெரிவது, மெல்லிய விரிசல் விழுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் உரிக்கும் வேளை வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் முழுவதும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அதில் பளபளப்பைத் தரும் மேல் அடுக்கான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். மேலே ஒட்டியிருக்கும் பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான். காக்கப்படும் பொருளைவிடக் காவல்காரன் தடிமன். அவனை முரட்டுத்தனமாக வெளியேற்றினால் வீட்டுச் சுவரும் கூடவே வந்துவிடும்.

அடுத்த கேள்வி, அடியில் இருப்பது கம்பெனி பெயிண்டா, ரீபெயிண்டா? தொழிற்சாலையில் வெற்று பாடியைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துப் பெயிண்டை இறுக்குகிறார்கள். பட்டறையில் டயர், வயர், பிளாஸ்டிக் எல்லாம் வண்டியிலேயே இருப்பதால் 60 டிகிரி அளவில்தான் காய வைக்க முடியும். கீழே தேய்த்து பிரைமர் அடித்த வேலையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ரீபெயிண்ட் செய்த இடத்தில் ஃபிலிமோடு பெயிண்ட் வருகிற ஆபத்து அதிகம். கதவு ரப்பர், பீடிங் ஆகியவற்றைத் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் பெயிண்ட் துகள் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் இடத்தில் காட்டிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைக் கழுவித் துடைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் உரிக்கப்போகிறீர்களோ அதை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபிலிமைச் சூடாக்க வேண்டும். சூடு பசையை இளக்கும், காய்ந்த ஃபிலிமுக்கும் கொஞ்சம் இழுவை தரும். வீட்டு வேலைக்கு ஹேர் டிரையரே போதும். சிறிய இடம் என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு வைத்தாலும் நடக்கும்.

ஹீட் கன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அதன் வாயில் வரும் காற்று 500 டிகிரிகூடத் தொடும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயிண்ட் கொப்பளிக்கும், பிளாஸ்டிக் பம்பர் நெளியும். ஒரு சாண் தூரம் வைத்து, கையை ஆட்டிக்கொண்டே இருங்கள். இரண்டாவது, நம் பார்க்கிங் சுவரில் இருப்பவை 6 ஆம்பியர் பாயின்ட்டுகள். 2000 வாட் ஹீட் கன் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அங்கே சொருகாதீர்கள். வயர் உருகினால் ஒருவர் கார் மட்டும் அல்ல, கீழ்த்தளமே ஆபத்தில் இருக்கும். அது பொது மீட்டர் என்பதையும் பொருளாளர் சார்பில் நினைவூட்டுகிறேன்.

எவ்வளவு சூடு? கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் ஓரிரு நொடி வைக்க முடிய வேண்டும். சுமார் 60 டிகிரி. கொரோனா நேரத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் சூட்டின் அளவுக்குள்தான் காட்டும்.

இப்போது ஒரு மூலையை நகத்தால் கிளப்புங்கள். வரவில்லை என்றால் பிளாஸ்டிக் அட்டை போதும். காலாவதியான ஏடிஎம் கார்டை மெல்லிய துணியில் சுற்றிப் பயன்படுத்தலாம். வங்கிக்காரன் சொல்கிறேன், முதலில் சிப்பையும் காந்தப் பட்டையையும் வெட்டிவிடுங்கள். பிளேடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது.

இழுக்கும் விதத்தில்தான் வேலையே இருக்கிறது. உங்களை நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் முழு விசையும் பெயிண்டைத் தூக்கத்தான் பாயும். அதற்குப் பதில் ஃபிலிமை மடக்கி, வண்டியின் மேற்பரப்பை ஒட்டினாற்போல, வந்த திசையிலேயே மெதுவாக இழுங்கள். முன்னால் சூடு, பின்னால் கை. நொடிக்கு ஒரு விரல்கடை வந்தாலே அதிகம். பசை பெயிண்டில் தங்குகிறதா? சூடு போதவில்லை, அல்லது அவசரப்படுகிறீர்கள். ஃபிலிமின் அடியில் வண்டியின் நிறம் தெரிகிறதா? அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னொரு பக்கத்திலிருந்து முயன்று பார்க்கிறேன் என்று போகாதீர்கள். ரூபாய் அளவு சேதத்தை பானெட் அளவாக்குவது அந்த இரண்டாவது முயற்சிதான்.

மிச்சமிருக்கும் பசைக்கு நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே மருந்து இருக்கிறது. நீலகிரித் தைலம் பசையை நன்றாக இளக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பயன்படும். எதுவானாலும் கதவின் உள் ஓரத்தில் ஒரு சொட்டு சோதித்துப் பார்த்த பிறகே வெளியே பயன்படுத்துங்கள். துணியில் நனைத்துப் பசை மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் இளகிவிடும்; அழுத்தித் தேய்க்காமல் வழித்தெடுங்கள். உடனே கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தின்னர் வேண்டாம், ரீபெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். பெட்ரோலும் வேண்டாம். தைலமும் ஆல்கஹாலும்கூடத் தீப்பிடிக்கும் பொருள்கள்தான். ஹீட் கன்னை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வண்டி ஆறிய பிறகே பாட்டிலைத் திறங்கள்.

உரித்த இடம் சுற்றியுள்ள இடத்தைவிடப் புதிதாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். மூடியிருந்த பெயிண்ட் வெயிலில் மங்கவில்லை, அவ்வளவுதான். லேசான பாலிஷும் வாக்ஸும் வித்தியாசத்தைக் குறைக்கும். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்தே எடுக்கிறது. திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

விரிசல் விழுந்த ஃபிலிம், ரீபெயிண்ட், மேட் பெயிண்ட், சென்சார் பொருத்திய பம்பர், இவற்றையெல்லாம் கடைக்காரரிடம் விடுங்கள். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சூட்டில் எடுப்பீர்களா, நீராவியிலா? பசை நீக்குவதும் இந்தக் கூலியில் சேர்ந்ததா? பெயிண்ட் வந்தால் யார் பொறுப்பு? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நீங்களும் ரீபெயிண்ட் விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதே நியாயம் நம்மிடம் வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். மாதச் சம்பளத்துக்கு வண்டி கழுவுகிற தம்பியிடம், "அப்படியே இதையும் எடுத்துவிடுப்பா" என்று சொல்லாதீர்கள். அது அவர் வேலை அல்ல. பொறுமையாகச் செய்தால் ஒரு பானெட்டுக்கு அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளுக்குக் கூலியும், வண்டியின் சரித்திரமும் சொல்லாமல் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, சேதத்துக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

உரித்த ஃபிலிமைச் சுருட்டி ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பசைத் துணியைக் கழுவி வடிகாலில் விடாதீர்கள்.

இந்த ஞாயிறு உங்கள் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கதவுப் படியில் பழைய பிளாஸ்டிக் இன்னும் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இன்று சுலபமாக வரும். பிபிஎஃப் ஒட்டியவர்கள், ஒட்டிய தேதியை ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். முதிர்வு தேதி தெரிந்தால்தான் புதுப்பிக்கவும் முடியும், முடிக்கவும் முடியும்.