கிளினிக் நாளுக்கும் பேர் போடு!

(ராகலையில் கூடிய பெற்றோர் முன் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்து சேர்ந்த தோழர்களே!

மழை இறங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பாடசாலை வாசலை மிதிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். காது கேளாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளை, எட்டு வயதாகியும் எழுத்துப் பிடிபடாத பிள்ளை. அவர்களைப் பற்றிப் பேச ஆண்டுக்கு ஒரு நாள் மேடை கிடைக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் பொன்னாடை, போட்டோ, பிஸ்கட் பெட்டி. நான் பேச வந்தது அந்தப் பிள்ளையை வளர்க்கிற குடும்பத்தைப் பற்றி. அந்தக் குடும்பத்தைத் தாங்குவது யார்?

ஒரு கிளினிக் நாளைப் பாருங்கள். விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து படி படியாக இறங்குகிறாள் ஒரு தாய். ராகலை டவுனில் பஸ் ஏறி, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் பிள்ளை கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டே விடுவார். வைத்தியசாலையில் வரிசை. டொக்டர் சிங்களத்தில் கேட்பார். பக்கத்தில் நிற்கிறவர் தமிழில் சொல்வார். பாதி விளங்கும், பாதி விளங்காது. அடுத்த திகதியை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். பொழுது சாய வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர், அதாவது வேலை நாள் கணக்கு, இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை. இரண்டு தடவை போவாள், மூன்றாவது தடவை போகமாட்டாள். உடனே ஊர் சொல்கிறது: "தாய்க்கு அக்கறை இல்லை."

இந்தச் சொல்லை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், தோட்டத்து ஆபீசில் கேட்டிருக்கிறேன், கோயில் வாசலிலும் கேட்டிருக்கிறேன். பச்சைப் பொய்! அக்கறை இல்லாதவள் ஒன்பது வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு மலை இறங்குவாளா?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பிராவில் ஐந்து வயதுக்கு மேல் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். பாடசாலையும் எடுக்காது. தகப்பன் கவ்வாத்துக்கு, தாய் கொழுந்துக்கு. பிள்ளை வெளியே ஓடினால் ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் ரோடு. அதனால் சீலைத் துண்டால் கட்டில் காலில் கட்டிவைத்துவிட்டுப் போகிற வீடுகள் இருக்கின்றன. கேட்டால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. கட்டிய கைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தீர்களா? அந்தக் கையைக் குற்றவாளிக் கையாக்கி ஏசுகிறவர்களுக்கு நான் சொல்கிறேன்: அந்த முடிச்சைத் தோட்ட நிர்வாகமும் கல்வி அதிகாரியும் அரசியல்வாதியும் சேர்ந்துதான் போட்டார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று அரசே அறிவித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதி செய்தது. அதன் 23ஆம் உறுப்புரையை நம் அதிகாரிகள் ஒருமுறை வாசிக்கட்டும். பிள்ளை மறைத்து வைக்கப்படாமல், கைவிடப்படாமல் இருக்க, பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும் என்று அது அரசின் கையைப் பிடித்துச் சொல்கிறது. உறுதி செய்தது கொழும்பில். பிள்ளை கட்டுண்டு கிடப்பது லயத்தில்.

மலையக மக்களான நமக்கு எப்போதும் எல்லாம் பிந்தித்தான் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1948இல் பறித்த குடியுரிமையை முழுதாகத் திரும்ப வாங்க 2003 வரை போராடினோம். அந்த வரிசையில் கடைசியாக, இன்னும் வாசலுக்கு வெளியே நிற்பது இந்தப் பிள்ளைகள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுப்பது முடியாத காரியமா? 1988இல், போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், ஸ்டப்ஸ் தம்பதியர் நுவரெலியாவில் மென்கபெப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பணம் வாங்காமல் படிப்பித்தார்கள். கூடவே குடும்பத்தையும் பார்த்தார்கள். பிள்ளைக்குப் படிப்பிக்கும்போது தாய்க்கும் துணை நிற்க வேண்டும் என்பது அந்த வேலையின் அடித்தளம். ஒரு கணவனும் மனைவியும் தொடங்க முடிந்ததை, அமைச்சும் மாகாண சபையும் தோட்டக் கம்பனிகளும் சேர்ந்து ராகலைக்குக் கொண்டுவர முடியாதா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலைப் பெட்டி ஏற்ற நானுஓயாவிலிருந்து இந்த ராகலை வரை மலையை வெட்டி ரயில் விட்டான் வெள்ளைக்காரன். பெட்டிக்கு ரயில் வந்த ஊரில் பிள்ளைக்கு ஒரு வேன் வரக் கூடாதா?

சக்கர நாற்காலி கொடுத்தோம் என்பார்கள். கொடுத்தீர்கள். நான் போன ஒரு லயத்தில் அது இஸ்தோப்பில் நிற்கிறது. பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. மேலே விறகு அடுக்கியிருக்கிறது. வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்க வழுக்குப் பாறையில் வெட்டிய படி மட்டும்தான். நாற்காலி கொடுக்க வந்த ஐயாமாரும் அதே படியில்தான் ஏறி வந்தார்கள். பாதை போடச் சொல்லி ஒருவர் வாயும் திறக்கவில்லை.

கொடுப்பனவைச் சொல்வார்கள். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிக்கு மாதம் 7,500 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024இல் நமக்குச் சொன்ன நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் பத்தாயிரம் என்பது ஏழு நாள் பேருக்குச் சற்று மேல். பிள்ளையைப் பார்க்கத் தாய் வீட்டில் நின்றால் மாதத்தில் இருபது நாள் பேருக்கு மேல் போகிறதே, அதை யார் தருவது?

சொந்த சனத்துக்கும் ஒரு வார்த்தை. "போன பிறவிப் பாவம்", "தாய் வயிற்றுக் குறை" என்று பேசுகிற வாயை மூடுங்கள். அந்தப் பேச்சால்தான் திருவிழாவுக்கு வராமல் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அந்தப் பேச்சால்தான் சில தகப்பன்மார் குடும்பத்தை விட்டுக் கொழும்புக்கு ஓடினார்கள். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஏதோ ஒரு இயலாமை இருக்கிறதென்று பதிந்தார்கள். அத்தனை பேர் வயிற்றிலுமா பாவம்?

தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்கிறேன். சம்பளத்துக்குப் பேசினீர்கள், கொழுந்து கிலோவுக்குப் பேசினீர்கள். கிளினிக் அட்டையைக் காட்டுகிற தாய்க்கு அன்றைய பேரைப் போடு என்று ஒரு தடவையாவது கம்பனியிடம் கேட்டீர்களா? இனிக் கேளுங்கள். இதுதான் நம் முதல் கோரிக்கை. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால். ராகலையில் ஒரு பாடசாலையிலாவது தமிழில் விசேட கல்விப் பிரிவு திறக்க வேண்டும். படிப்பிக்க ஆள் இல்லையென்று சாட்டுச் சொல்ல வேண்டாம். மலையகப் பிள்ளைகளுக்காக எழுந்த பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளை இந்தத் துறைக்கு எடுத்துப் பயிற்றுவியுங்கள். பிள்ளைக்காம்பிராவில் வேலை செய்கிற தங்கச்சிகளுக்கு, காது கேட்கிறதா, கண் தொடர்கிறதா என்று பார்த்துச் சொல்லப் பழக்குங்கள். இரண்டு வயதில் கண்டுபிடிக்கிற குறை வேறு, ஏழு வயதில் கண்டுபிடிக்கிற குறை வேறு.

இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனு மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்காரர் மட்டும் கையொப்பம் வைத்தால் தோட்டத் துரை அதை ஓரமாகப் போட்டுவிடுவார். பிள்ளை நன்றாக இருக்கிற வீட்டுக்காரர்களே, முதலில் நீங்கள் எழும்பி வாருங்கள்.