மானிப்பாயில் ஓர் இளம் வைத்தியர்

1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கு அப்போது வயது இருபத்தைந்தளவில்தான் இருக்கும். மணமாகவில்லை. வட்டுக்கோட்டையில் தொடங்கியவர், அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு வந்துவிட்டார்.

வைத்தியசாலையில் முதலில் ஜெபமும் வேதவசனமும். அதன் பிறகே மருந்து. வந்தவர்களுட் பெரும்பாலோர் சைவர்கள். வசனத்தை மரியாதையாகக் கேட்டார்கள், மருந்தை வாங்கினார்கள், பூசிய திருநீற்றுடனேயே வீடு திரும்பினார்கள். ஊழியத்துக்கென்றே கடல் கடந்து வந்த இளைஞருக்கு இது மனக்குறையாக இராதா?

இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். ஆகவே 1850களிலே கிறீன் வைத்திய நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். நம் பேச்சிலே 'நரம்பு' என்ற ஒரே சொல் இரத்தக் குழாயையும் குறித்துவிடும். அந்த மொழியில் உடற்கூற்று நூல் எழுதுவதென்றால் எவ்வளவு பாடு! ஊர் சென்று 1862இல் திரும்பி வந்தபின், வகுப்பையே தமிழில் நடத்தினார். மாணவர்கள் வேட்டியைக் கைவிட்டுக் காற்சட்டைக்கு மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவரானாலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்றார்.

1873இல் இங்கிருந்து புறப்பட்டவர், 1884இல் சொந்த ஊராகிய வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அவ்வாறே பொறித்திருக்கிறார்கள்.